பிடரியப்பரின் சுத்தமான நாய்த்தெள்ளு வம்சம்

ஒரு காட்டில் தெள்ளுப்பூச்சிகள் வாழ்ந்துவந்தன. காடு என்றதும் அருவி, புலி, முனிவர் என்று எங்கேயோ போய்விடாதீர்கள். இது பிரிகேடியர் என்ற நாயின் முதுகில் வளர்ந்திருந்த மயிர்க்காடு. அதில் வால் பக்கம் வறண்ட பூமி, வயிற்றுப் பக்கம் சதுப்பு. பிடரிதான் பொன் விளையும் இடம். நாய் எவ்வளவு எக்கினாலும் அங்கே வாய் எட்டாது.

அந்தப் பிடரிக்குப் பெரிய தலைக்கட்டு பிடரியப்பர். "நாங்க சுத்தமான நாய்த்தெள்ளு. நாய் எப்ப உண்டாச்சோ அப்பவே எங்க வம்சம் அதுமேல ஏறி உக்காந்தாச்சு" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குக் குடித்த ரத்தம் செரிக்காது. வம்சம் கெட்டுப்போகாமலிருக்கப் பிடரிக்காரர்கள் பிடரிக்குள்ளேயே பெண் எடுத்தார்கள், பிடரிக்குள்ளேயே கொடுத்தார்கள். பிடரியப்பர் கட்டியது அத்தை மகளை. அவளே ஒரு வழியில் மாமன் மகள், இன்னொரு வழியில் சித்தி. கல்யாணத்தில் யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று கடைசிவரை தெரியாமல் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

சுத்தம் ஏற ஏறத் தாவல் இறங்கிக்கொண்டே வந்தது. தாத்தா ஒரே தாவில் ஜன்னல் கம்பியைத் தொட்டவர். அப்பா சோபா வரைக்கும் போவார். பிடரியப்பர் முக்கி முனகிக் காது வரைக்கும். அதற்கடுத்த தலைமுறை நடக்கும்போதே தடுக்கி விழுந்தது.

தாவ முடியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். குளியல் இருக்கிறதே! வீட்டுக்காரம்மா மருந்து ஷாம்புவோடு வரும்போது தாவித் தப்பியவன்தான் பிழைப்பான். போன குளியலில் பிடரியப்பரின் மனைவியால் காதைக்கூடத் தாண்ட முடியவில்லை. நுரையோடு போய்விட்டாள். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் வந்தாலே வம்சப் பெருமைக்குத் தாவிவிடுவார். மனுஷனுக்கு அந்த ஒரு தாவல்தான் மிச்சம்.

இன்னொரு மிச்சம், மகள் தாவுநாச்சி. பெயரில் மட்டும்தான் தாவல். ஒருநாள் அவள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் மடிச்சாமியைத்தான் கட்டிக்கப்போறேன்."

மடிச்சாமி அதே வீட்டுப் பூனை ஜிலேபியின் மேல் குடியிருப்பவன். பூனையும் நாயும் மதியத்தில் ஒரே பாயில் உறங்கும்போது இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

"பூனைத்தெள்ளா? நாலு பேர் காறித் துப்புவான்!"

"அவர் பாயிலேர்ந்து ஒரே தாவுல அலமாரிக்குப் போறாருப்பா."

"தாவுறதெல்லாம் ஒரு தகுதியா? வக்கில்லாதவன் தாவுவான். சொந்தமாப் பிடரி இருக்கிறவன் எதுக்குத் தாவணும்?"

"அடுத்த குளியலுக்கு" என்றாள் தாவுநாச்சி.

பிடரியப்பருக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ரத்தப் பரிசோதனை பண்ணிடுவோம். அவன் வேற, நாம வேறன்னு வந்தா நீ அவனை மறந்துடணும்" என்றார். முடிவு எதுவானாலும் பிடரி தலைவணங்கும் என்று ஊரைக் கூட்டிச் சத்தியமும் செய்தார். தெரிந்த முடிவுக்குத் தலைவணங்குவதில் என்ன கஷ்டம்?

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டில் லேப் வைத்திருந்த ரீங்காரம்மாள் என்ற கொசு வந்து, பிடரி முழுவதையும் டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்திக் குத்தினாள். மடிச்சாமியையும் கூப்பிட்டுக் குத்தினாள். மறுநாள் முடிவோடு வந்தாள்.

"ஐயா, முதல்ல ஒரு சந்தேகம். டோக்கன் வாங்கிட்டு ஒரே ஆளே திரும்பத் திரும்ப வந்து நின்னீங்களா? அத்தனை சாம்பிளும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கே!"

"ஒற்றுமை!" என்று பிடரியப்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இன்னொண்ணு. உங்கள்ல ஒருத்தர்கூட நாய்த்தெள்ளு இல்லைங்க. எல்லாரும் பூனைத்தெள்ளு. அந்தத் தம்பியும் நீங்களும் ஒரே சாதி."

பெரியவர்கள் பஞ்சாயத்து கூடினார்கள். சத்தியம் செய்தாயிற்று, முடிவைத் தப்பென்று சொல்ல முடியாது. வம்சத்தைத் தப்பென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நெடுநேரம் யோசித்துப் பிடரியப்பர் எழுந்தார். "நம்ம ரத்தம் பொய் சொல்லாது. நாம பூனைத்தெள்ளுன்னா, நாம உக்காந்திருக்கிறது பூனை."

எல்லாருக்கும் உயிர் வந்தது. உடனே காதுக்குள் இறங்கிப் பிரிகேடியரிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

"நான் குரைக்கிறேனே?" என்றது நாய்.

"அது சகவாச தோஷங்க. பால் ஊத்தினா குடிப்பீங்களா?"

"குடிப்பேன்."

"சோபாவுல ஏறிப் படுப்பீங்களா?"

"திட்டினாலும் படுப்பேன்."

"அப்புறம் என்னங்க?"

பிரிகேடியர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சாயங்காலம் தன் பாதத்தை நக்கிப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது.

தாவுநாச்சிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "ஒரே சாதின்னு ஆயிடுச்சே. தேதி குறிங்கப்பா!"

"அதெப்படி? ஒரே வம்சம்னா பங்காளி. அவன் உனக்கு அண்ணன் முறை."

"நேத்து வேற ஆளுன்னு வேணாம்னீங்க, இன்னிக்கு நம்ம ஆளுன்னு வேணாம்கிறீங்க. நான் யாரைத்தான் கட்டுறது?"

"உன் மாமன் மகன் இருக்கானே!"

"அவன் எனக்குச் சித்தப்பாவும்தானே?"

"அது வழக்கம்" என்றார் பிடரியப்பர்.

அன்று மதியமே மடிச்சாமி பாயோரம் வந்து, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரே தாவில் பூனைக்குப் போய்விட்டான். பிடரி அவளைத் தலைமுழுகியது. பிடரியப்பர் எல்லாரையும்விடச் சத்தமாக முழுகிவிட்டு, ஒருவரும் பார்க்காத முடியடியில் போய் உட்கார்ந்து அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்காரம்மா வாளியில் மருந்து ஷாம்புவைக் கரைத்துவிட்டு, "டேய் பிரிகேடியர், வாடா குளிக்கலாம்" என்றாள். பிடரியில் ஓலம் எழுந்தது. ஆனால் நாய் அவளை நிதானமாகப் பார்த்தது. பூனைகள் குளிப்பதில்லை, நக்கிக்கொள்ளும். சோபாவில் ஏறி, அங்கிருந்து டைனிங் டேபிளில் ஏறி, பழக்கூடைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கரைத்த மருந்தை வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாய்க்கும் பூனைக்கும் ஆகும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. எதிரே வந்த ஜிலேபியைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினாள்.

பிடரியப்பர் அந்த நுரையைப் பார்த்தார். "நாச்சி!" என்று கத்தினார். பெருமையெல்லாம் போய் வெறும் அப்பாவாகக் கத்தினார். அப்போது வாளியிலிருந்து ஒரு புள்ளி கிளம்பி, பாத்ரூம் கதவைத் தாண்டி, ஃபேனுக்கு நூல் தப்பி, டேபிளைக் கடந்து, பொத்தென்று பிடரியில் விழுந்தது. மடிச்சாமி! மீசையெல்லாம் நுரை, முதுகில் தாவுநாச்சி.

"அண்ணனைக் கட்டினவ உள்ளே வரக்கூடாது" என்று பஞ்சாயத்து மறித்தது.

பிடரியப்பர் மகளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்பக் குளிச்சது யாரு?"

"ஜிலேபி."

"பூனை குளிக்குமா?"

"குளிக்காது. நம்ம பிரிகேடியரே குளிக்கலையே."

"அப்ப, குளிச்சது?"

பஞ்சாயத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாய்...?"

"நாய் மேல இருந்து வந்த மாப்பிள்ளை?"

"நாய்த்தெள்ளு! பங்காளியே இல்ல!"

"சுத்தமான நாய்த்தெள்ளு" என்று பிடரியப்பர் தழுதழுத்தார். "நம்ம முன்னோர் சொன்ன அந்தப் பழைய ரத்தம், வீடு தேடி வந்திருக்கு. நகருங்கடா, மாப்பிள்ளைக்கு ஈரம் சொட்டுது."

அந்தத் தம்பதிக்குப் பிறந்த பேரன் முதல் தாவிலேயே ஜன்னல் கம்பியைத் தொட்டான். "பார்த்தீங்களா, பிடரி ரத்தம்!" என்று பூரித்துப்போன பிடரியப்பர், அது கெட்டுப்போகாமலிருக்க அவனுக்குப் பிடரிக்குள்ளேயே ஒரு பெண்ணை அன்றைக்கே பேசி முடித்தார்.

நீதி: பரிசோதனை முடிவு பிடிக்கவில்லையென்றால் வம்சப் பெருமையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, நாயை மாற்றிக்கொண்டால் போதும்.