தவமலருக்கு வைத்த மக்ரோனி சூப்

மரியாதைக்குரிய மச்சான் ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு, கேமரன் மலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையிலிருந்து உங்கள் தங்கை கணவன் யோகேந்திரன் வணங்கி எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் வழக்கம்போல் இருக்கிறோம். தைப்பிங்கில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். "சுடுதண்ணி வைக்கத் தெரியாத ஆளுகிட்ட என் தங்கச்சிய விட முடியாது, சனிக்கிழம வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். பித்தப்பையை எடுத்துவிட்டு வந்ததிலிருந்து தவமலர் கஞ்சியைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும், ஆள் பாதியாகிப்போனதும் உண்மை. அதனால்தான் நேற்று நானே அடுப்பைப் பற்றவைத்தேன்.

காரமும் எண்ணெயும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மகள் குமுதா போனில் காய்கறி மக்ரோனி சூப்புக்கு வழி சொன்னாள். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டும் ஹரிதாஸ், கேரட்டும் கோசும் செலரியும் கொண்டுவந்து போட்டான். வெங்காயத்தோடு எல்லாவற்றையும் நறுக்கி வேகவைத்தேன். மக்ரோனி எவ்வளவு என்று குமுதா சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து லைன் போய்விட்டது. பாக்கெட் சின்னதாகத் தெரிந்ததால் முழுவதையும், கூட வாங்கியிருந்த இன்னொன்றையும் கொட்டினேன். மக்ரோனி வீங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை மச்சான். அது பாட்டுக்கு எழும்பி மூடியத் தள்ளுது, நான் குண்டானுக்கு மாத்துறேன், அதுவும் நிறையுது, தண்ணி வத்திப்போச்சேன்னு ஊத்துனா அதையும் குடிச்சிட்டு இன்னும் பெருக்குது, கடைசியில் குளிக்கிற வாளி தவிர வீட்டில் எல்லாவற்றிலும் சூப்.

பாத்திரச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காளியம்மா எட்டிப் பார்த்தது. "என்னாண்ணே, கல்யாணச் சாப்பாடா? எங்களயும் கூப்பிடுங்க லா!"

கூப்பிட்டேன். லயமே கிண்ணத்தோடு வந்தது. காரச் சம்பலைக் கலந்து தின்று, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து உட்கார்ந்தாள். சம்பல் சேராத கிண்ணத்தை அவள்முன் வைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

"உப்பே போடல நீங்க."

"மறந்துட்டேன்."

"பரவால்ல. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் நறுக்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆகவே சனிக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு மலையேற வேண்டாம். ஹரிதாஸ் இன்று உங்கள் பக்கம் போகிறான், இதை அவனே கொண்டுவந்து தருவான். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
பணிவுடன்,
யோகேந்திரன்

பின்குறிப்பு: இன்று காலையும் மதியமும் மிச்ச சூப்பையே கொடுத்தேன். அதன்பிறகு தவமலர் இந்தக் கடிதத்தைப் படித்தாள். நீங்கள் சனிக்கிழமை அவசியம் வர வேண்டுமாம். அவள் எங்கும் வரமாட்டாளாம், காளியம்மா பார்த்துக்கொள்ளுமாம். அவள் உடம்பு தேறும்வரை நீங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டியது என்னையாம். யோசித்துப் பார்த்ததில் எனக்கும் நியாயமாகவே படுகிறது. பை கட்டிவிட்டேன்.