பேரை வைத்து ஆடியவர்

சீட்டாட்டத்தில் வீட்டைத் தோற்றவர்கள் உண்டு, நிலத்தைத் தோற்றவர்கள் உண்டு. தன் பேரையே தோற்றுவிட்டு மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல வேலைக்கு வந்து நின்றவர் நீலகிரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவருக்குத் தினமும் பேர் கூப்பிட்டவன் நான். அதாவது, கூப்பிட முயன்றவன்.

அப்போது நான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் லாரி லாரியாக வந்து இறங்கிய வருஷங்கள் அவை. ஒரு மழை நாளில், மனைவி செல்லம்மா, கல்யாண வயதில் ஒரு மகள், ஒரு தகரப்பெட்டி, ஒரு சீட்டுக்கட்டு சகிதம் பின்னாளில் டபுள் ஆன அவர் வந்து இறங்கினார். பெட்டியை மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு, சீட்டுக்கட்டு நனையாமல் இருக்கக் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று லைன் வீடுகளில் சொல்லுவார்கள். கொஞ்சம் மிகைதான். குடை ஓட்டைக் குடை.

சிலோனில் அவர் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். சனிக்கிழமை சாயங்காலங்களில் துரையின் சிநேகிதர்கள் கூடி இருபத்தொன்று ஆடுவார்களாம். ஆட்டம் சுலபம். கையில் இருக்கும் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் அவுட். ராஜா, ராணிக்குப் பத்துப் பத்து. சீட்டுப் போடுகிறவரைவிட அதிகம் வைத்திருந்தால் ஜெயம். சூப்புக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றே இவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். முக்கியமாக, துரையின் தத்துவத்தை.

"தோத்தா டபுள் வைக்கணும் கணக்கப்புள்ள. மறுபடி தோத்தா அதுக்கும் டபுள். என்னைக்காவது ஒரு தடவ ஜெயிப்போம் தானே? அப்ப போனதெல்லாம் திரும்பி வந்துரும். தோக்கவே ஏலாது!"

நான் கணக்கு எழுதுகிறவன், சும்மா இருப்பேனா? ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் போனது அறுபத்துமூன்று. ஏழாவதில் அறுபத்துநாலு வைத்து ஜெயித்தால் மிச்சம் வெறும் ஒன்று. அந்த ஒன்றுக்காக இத்தனையையும் பணயம் வைக்க வேண்டும். ஏழாவதிலும் தோற்றால் வைப்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது?

"ஆறு தடவ வரிசையா எவனாவது தோப்பானா?" என்றார்.

"ஏன் தோக்க மாட்டான்? சீட்டுக்கு ஞாபகமா இருக்கு, போன தடவ இவரு தோத்தாரு, இப்ப பாத்துப் போடுவோம்னு?"

"சீட்டுக்கு இல்லாட்டி என்ன, எனக்கு இருக்குதே!"

வீட்டுக்குள்ளிருந்து செல்லம்மாதான் பதில் சொன்னார். "அந்தத் தொர கடைசியில எப்பிடிப் போனாருன்னு கேளுங்க ஐயா. குதிரை போச்சு, காரு போச்சு, பியானோ போச்சு. வெறும் தொப்பியோட கப்பல் ஏறுனாரு. தொப்பியும் காத்துல பறந்துருச்சு, இவருதான் ஓடிப்போயி எடுத்துக் குடுத்தாரு."

"பாத்தியா, தொப்பி திரும்பி வந்துச்சு தானே?" என்றார் டபுள்.

எஸ்டேட் முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் பழனிச்சாமி. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சொன்ன சொல்லில் ஓர் எழுத்துகூட மாறாத மனிதர். அடுத்தவரையும் மாற விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் கடையில் சீட்டு நடக்கும். காசு வைக்க அனுமதியில்லை. தீக்குச்சி, பீடி, மிஞ்சிப்போனால் ஒரு வர்க்கி பிஸ்கட். சீட்டுப் போடுவது எப்போதும் பழனிச்சாமிதான்.

டபுளுக்குப் பீடிப் பழக்கம் இல்லை. முதல் நாளே கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு பேரு வைக்கிறேன்" என்றார்.

இங்கேதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பித்தது. சிலோன் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. ஒரு நாள் முழுக்க உழைத்தால் ஒரு பேர், பாதி நாள் என்றால் அரைப்பேர். தோற்றால் கடையில் ஒரு நாள் வேலை செய்து தருகிறேன் என்பது அவர் அர்த்தம். கோபிச்செட்டிபாளையத்துக்கு அது எப்படித் தெரியும்?

"யாரோட பேருங்க?" என்றார் பழனிச்சாமி.

"என் பேருதான்."

"உங்க பேரையா வெக்கறீங்க?"

"ஆமா மொதலாளி. சீட்டப் போடுங்க."

பழனிச்சாமி கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "எல்லாருஞ் சாச்சிங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டார். டபுள் தோற்றார்.

"ரெண்டு பேரு!"

"இன்னொருத்தரு யாருங்க?"

"நானேதான்!"

"ஏனுங்க, ஒரு மனுசனுக்கு எத்தன பேருங்க?"

"எத்தன வேணுமின்னாலும் போடலாம் மொதலாளி, ஒடம்புல தெம்பு இருக்குது."

கடையே சிரித்தது. டபுள் சிரிக்கவில்லை. நாலு பேர், எட்டுப் பேர் என்று போய், அன்று மழை விடுவதற்குள் நான் தாளில் போட்டுக் காட்டிய அதே அறுபத்துமூன்றில் வந்து நின்றார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் பெருமை வரவில்லை.

மறுநாள் எஸ்டேட் வேலை முடிந்ததும் அவர் கடைக்குப் போய்க் கோடாலியைத் தூக்க, பழனிச்சாமி பதற, நான் நடுவில் புகுந்து பேருக்கு அர்த்தம் சொன்னேன். பழனிச்சாமி வெகுநேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மொதல்ல வெச்சப்ப எம்பட புத்தியில இருந்தது இவரு பேருதானுங்க. அத உட முடியாதுங்க. மிச்சமெல்லாம் வேணுமின்னா வேலையா வெச்சுக்கலாமுங்க."

நியாயமா என்று கேட்காதீர்கள். டபுளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் காலை ஆள் கணக்கு எடுக்கும்போது அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிரில் நிற்கிறார், பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"அது கடைக்காரரோட பேரு கணக்கப்புள்ள. அவர ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்பிடுங்க."

"அப்ப உங்கள என்னன்னு கூப்பிட? டபுளா?"

"வந்திருக்கேன்!" என்றார் டபுள், கணீரென்று.

அன்றிலிருந்து அவர் டபுள். கடை வேலையைச் சும்மா சொல்லக்கூடாது, துரை பங்களா மாதிரியே செய்தார். விறகு பிளந்து, தம்ளர் கழுவி, 'தேத்தண்ணி'யை ஒரு தட்டில் வைத்து வலது பக்கமாகக் குனிந்து நீட்டுவார். பஸ்ஸுக்கு நிற்கிறவன் அதற்குள் பஸ்ஸைக் கோட்டைவிடுவான். ஆனால் பழனிச்சாமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வந்த ஆள் சாப்பிட்ட பிறகுதான் முதலாளி சாப்பிட வேண்டும். டபுள் சாப்பாட்டிலும் டபுள். அவர் எழுந்த பிறகு பழனிச்சாமிக்குப் பல நாள் ரசம்தான் மிஞ்சியது.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு வரன் அமைந்தது. கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் மாப்பிள்ளை வீடு. செல்லம்மா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணோட அப்பன் சீட்டுல பேரத் தோத்தவருன்னு சம்பந்திக்குத் தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா ஐயா? முகூர்த்தத்துக்குள்ள அந்தப் பேர எப்பிடியாவது மீட்டுக் குடுங்க."

டபுளிடம் வழி தயாராக இருந்தது. வேறென்ன? பாக்கி வேலை மொத்தத்துக்கும் டபுள். ஜெயித்தால் பாக்கியும் கழிய வேண்டும், பேரும் திரும்ப வேண்டும். ஞாயிறு தோறும் ஆடினார், தோற்றார். பாக்கி நூறு நாளைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பழனிச்சாமி என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆள் இளைத்திருந்தார்.

"ஏனுங் சார், தோக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? இப்பிடியே செயிச்சா நான் கடைய மூடோணுமுங்க."

"பேரச் சும்மாவே திருப்பிக் குடுத்துடுங்களேன்."

"குடுத்துப் பாத்தனுங்க. வாங்க மாட்டீங்கறாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமி தன் வாழ்நாளில் முதல் தடவையாக, டபுள் ஜெயிக்கும்படி சீட்டை அடுக்கி வைத்தார். டபுளுக்கு ராஜாவும் ராணியும் விழுந்தன. டபுள் சீட்டை உயர்த்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு போடுங்க" என்றார்.

"ஐயோ, நில்லுங்க! இருவதுங்க!" என்று கத்திவிட்டார் பழனிச்சாமி.

"என் கையில இருவது இருக்குன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மொதலாளி?"

பழனிச்சாமி காதுவரை சிவந்து போனார். டபுள் கையை நீட்டித் தானே ஒரு சீட்டை உருவினார். ஏழு. அவுட்.

"இங்க வந்து எறங்குனதும் தங்க ரூம்பு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம்" என்றார், சீட்டுகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே. "கம்பளி குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம். பேரையும் ஒருத்தர் குடுத்து வாங்கிக்க ஏலாது மொதலாளி. நாளைக்கு வேலைக்கு வாறேன்."

அதுவரை அவரை நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்திருந்தேன். அன்று அவர் வெளியே போகும்போது எழுந்து நின்றேன்.

கல்யாணம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில். கட்டபெட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தாலியைத் தட்டில் வைத்துக்கொண்டு பூசாரி கேட்டார்: "பொண்ணோட தகப்பனார் பேரு?"

டபுள் நிமிர்ந்து நின்றார், வாய் திறக்கவில்லை. செல்லம்மா புருஷன் பேரை உச்சரிக்கிறவர் இல்லை. பெண் தலையைக் குனிந்துகொண்டது. எனக்குத் தெரியும்தான். ஆனால் பொருளுக்கு உடையவர் பக்கத்திலேயே இருக்கும்போது நான் எடுத்துக் கொடுப்பது முறையா? பூசாரி மறுபடியும் கேட்டார். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து பழனிச்சாமி எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு டபுளின் முன்னால் போய் நின்றார்.

"தானமில்லீங்க, எரவலுங்க" என்றார் தாழ்ந்த குரலில். "இன்னிக்கு ஒரு நாளைக்கு. அதுக்கு உங்க கணக்குல ஒரு பேரு ஏறுமுங்க."

டபுள் சரியென்று தலையை ஆட்டினார். பழனிச்சாமி திரும்பி, கோயிலுக்கே கேட்கும்படி சொன்னார்: "வேலாயுதமுங்க! பொண்ணோட அப்பா பேரு வேலாயுதம்!"

கெட்டிமேளம் கொட்டியது. அன்று பந்தியில் நாங்கள் எல்லோரும் அவரை வேலாயுதம், வேலாயுதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலிக்கவில்லை. அவரும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலை ஆள் கணக்கில் ஆசையோடு அதே பேரைக் கூப்பிட்டேன். "திருப்பிக் குடுத்தாச்சு கணக்கப்புள்ள" என்றார்.

பாக்கி வேலையை அவர் முடிக்கவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார். சில வருஷங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பழனிச்சாமி கடையில் ஒரு சின்னப் பயல் வர்க்கி தின்றுகொண்டிருந்தான். எம்பட பேரனுங்க என்றார். பேர் கேட்டேன்.

"வேலாயுதமுங்க. எங்கிட்டச் சும்மாதான கெடந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். அந்தப் பயலுக்கு மீசை வந்துவிட்டது. ஊரே அவனை வேலாயுதம் என்று கூப்பிடுகிறது. நான் மட்டும் டபுள் என்றுதான் கூப்பிடுகிறேன்.