பொத்தான்மீது வட்ட முத்திரை

மனித குலத்தின் மகத்தான சாதனைகள் இரண்டு. ஒன்று, எங்கள் கிர்கிஸ் முன்னோர் குதிரையைப் பழக்கியது. மற்றது, எங்கள் மாவட்ட வாசிப்பு வளர்ச்சி அலுவலகம் பிறப்பித்த நூற்றுப் பதினான்காம் எண் ஆணை. குதிரை விஷயத்தில் இன்னும் சில குறைகள் உண்டு.

ஆணைப்படி, கோடை மேய்ச்சல் மலைகளில் இருந்த காகிதப் புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டி இறக்கினோம். மலைக்கு ஒரு மின்நூல் கருவி கொடுத்தோம். உள்ளே நாலாயிரம் நூல்கள்! கருவியை யாராவது அணைத்துவிட்டால் வாசிப்பு நின்றுவிடுமே என்று அதன் பொத்தான்மீது காகிதம் ஒட்டி, அலுவலக வட்ட முத்திரையைக் குத்தினேன். முத்திரை கிழிந்தால் அந்தக் குடும்பத்தின் மேய்ச்சல் அனுமதி ரத்து. அறிவு வளர இப்படி ஒரு ‘அன்பான கண்டிப்பு’ அவசியம்.

சனிக்கிழமை கனிஷாய் போன் செய்தாள். ஆடு மேய்ப்பவரின் மனைவி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கால்நடை வைத்திய உதவியாளர் தேர்வுக்குப் படிப்பவள். போன குளிர்காலத்தில் அந்த மலையில் நூற்றுப் பத்து ஆடுகள் செத்தன. வைத்தியர் பனியில் ஏறி வர இரண்டு நாள் ஆயிற்று. இவள் தேறினால் மலைக்கே ஒரு வைத்தியர்.

“அண்ணே, மிஷின் ஹேங்க் ஆயிருச்சு. பதினாறு நாளா பரீட்சைப் புத்தகம் நாப்பத்தேழாம் பக்கத்துலயே நிக்குது. பட்டனை நாப்பது வினாடி அழுத்திப் பிடிச்சா சரியாயிடுமாம். முத்திரையைப் பிரிச்சு அழுத்திக்கட்டுமா?”

“தொட்டுடாதம்மா! ஆய்வுக் குழு வருது.”

“வியாழக்கிழமை பரீட்சைண்ணே.”

“அதுக்குத்தாம்மா அவசரமா வர்றோம்.”

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தோம். குழு என்றால் நானும் எங்கள் தலைவர் துய்ஷெனாலியும். கனிஷாய் கருவியைச் சால்வையில் சுற்றி, கூடார வாசலிலேயே நின்றாள்.

“முதல்ல இதைப் பாருங்கய்யா.”

“பசிச்ச கண்ணுக்கு எதுவும் சரியாத் தெரியாதும்மா” என்றார் தலைவர்.

வந்தவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடாமல் எங்கள் மலையில் எந்தக் காரியமும் நடக்காது. ரொட்டிக்குப் பின் தேநீர். தேநீருக்குப் பின் ஆடு. துய்ஷெனாலி வந்த இடத்தில் ஆடு விழாவிட்டால் அவருக்கு மட்டுமல்ல, ஆட்டுக்கும் அவமானம். ஆட்டுத்தலையை அவர் முன் வைத்தார்கள். அவர் தலையோடு நிற்காமல் வால் கொழுப்பு, ஈரல் என்று ஆட்டின் மறுகோடி வரை பயணம் செய்தார். அதன்மேல் ஒன்பது கிண்ணம் குதிரைப்பால் கிமிஸ்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவியை ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தார்.

“ஆமா. நின்னுதான் இருக்கு.”

ஆய்வு முடிந்தது. முத்திரையைப் பிரிக்க மூன்று கையெழுத்துள்ள பத்திரம் வேண்டும். மூன்றாவது உறுப்பினர் ஏரிக்கரையில் ஓய்வெடுக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார். பத்திரம் மலையேறி வரச் சனிக்கிழமை ஆகும்.

“அதுக்குள்ள பத்திரத்தை எழுதிடுவோம். காகிதம் எடுப்பா” என்றார் தலைவர்.

கனிஷாயின் கணவன் மெலிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “காகிதம் எல்லாத்தையும் நீங்கதானேய்யா போன வருஷம் அள்ளிட்டுப் போனீங்க?”

தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதினோம்.

“சனிக்கிழமை முத்திரையைப் பிரிச்சு நான் என்னய்யா பண்ண? பரீட்சை வியாழக்கிழமை!” என்றாள் கனிஷாய்.

“படிப்புக்கு ஏதும்மா கடைசித் தேதி?” என்று தத்துவம் சொன்னவர், அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வயிறு பறை போல விம்மியது. மூச்சு வாங்கியது.

கனிஷாய் பதறவில்லை. இடது விலாவை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ரெண்டு முன்னங்காலையும் தூக்கிப் பிடிங்க.”

“அது கைடீ” என்றான் மெலிஸ்.

“எதுவோ ஒண்ணு, தூக்குங்க!”

அரை லிட்டர் எண்ணெயைத் தலைவர் வாயில் ஊற்றினாள். வயிற்றை மேலும் கீழும் பிசைந்தாள்.

“எண்ணெய்க்குக் கேக்கலைன்னா?” என்று கேட்டேன்.

“இடது விலாவுல ஓட்டை போட்டுக் காத்தை வெளியேத்தணும். என்னங்க, அந்தக் கத்தியை எடுங்க.”

அக்கணமே தலைவர் ‘குணமடைந்தார்’. கூடாரத்தின் கம்பளி அதிர்ந்தது. வெளியே கட்டியிருந்த குதிரைகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன.

“உயிரைக் காப்பாத்திட்டியேம்மா! எங்கம்மா படிச்சே இதை?”

“நாப்பத்தேழாம் பக்கம். ஆட்டுக்கு வயித்து உப்புசம். பத்தொம்பது நாளா மிஷின் வேற எதையும் காட்டலியேய்யா.” அவள் கருவியை நீட்டினாள். “இப்பவாவது அழுத்திக்கட்டுமா? இன்னிக்கும் நாளைக்கும் உக்காந்து மிச்சத்தைப் படிச்சுடுவேன்.”

தலைவரின் கண்கள் கலங்கின. அவள் கையிலிருந்து கருவியை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“இது சாதாரண மிஷின் இல்லம்மா. அமைச்சகத்துக்கே காட்ட வேண்டிய பொருள்.”

காட்டினோம். அறிக்கையை நானே எழுதினேன்: “பக்கம் புரட்டும் வசதி கவனத்தைச் சிதறடிக்கிறது. ஒரே பக்கத்தில் நிற்கும் கருவியே ஆழ்ந்த வாசிப்பை வளர்க்கிறது.” எங்கள் அலுவலகத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. மற்ற மலைகளின் கருவிகளையும் இதே முறையில் ‘மேம்படுத்த’ ஆலோசனை நடக்கிறது.

தேர்வில் இருபது கேள்விகள். முதல் நாற்பத்தேழு பக்கங்களிலிருந்து வந்தவை ஆறு. ஆறுக்கும் கனிஷாய் முழு மதிப்பெண் வாங்கினாள். தேற, பன்னிரண்டு வேண்டும்.

வரும் குளிர்காலத்தில் அந்த மலையில் கழிச்சலில் ஆடு சாகும். சளியில் குட்டி சாகும். ஆனால் எந்த அதிகாரியும் தின்று ஊதிச் சாகமாட்டார். அதற்கான ஏற்பாட்டை எங்கள் அலுவலகம் செய்து முடித்துவிட்டது.