அழுகைக்கு ஓர் ஒத்திகை

ஒத்திகை பார்க்காமல் தும்மக்கூட மாட்டாத ஒரே மனிதர் இராஜபாளையத்தில் எங்கள் ஒத்திகை அண்ணாச்சிதான். நாளை மதுரைக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் இன்றே பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போவார்; வந்த ரயிலை வழியனுப்பிவிட்டு வீடு திரும்புவார். மகள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பந்தல் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மழைக்கு ஒத்திகை பார்த்தார். கீழே நின்ற சம்பந்திக்கு ஜலதோஷம் பிடித்தது.

"கல்யாணத்தன்னைக்குப் பிடிக்க வேண்டியது முன்னாடியே பிடிச்சிருச்சு. நல்லதுதானய்யா?" என்றார் அண்ணாச்சி.

பேண்டேஜ் துணி தயாரிக்கும் சிறிய கம்பெனி அவருடையது. அவரும் நாங்கள் சிலரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினோம். துணை இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் மேற்கொண்டு படிக்க உதவித்தொகை கொடுப்பது அதன் வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

1989 ஏப்ரல் கூட்டத்தில் பேச்சியம்மாள் பேச்சு வந்தது. அண்ணாச்சி கம்பெனியில் துணி மடிப்பவர். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு, மூன்று வயது மகள் ராணியை வைத்துக்கொண்டு அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தார். கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. முந்தைய தடவை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் அதை எழுதும்போது வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்டு, பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டார். இந்தத் தடவை தேறினால் பி.எட். படிக்கவும் உதவி உண்டு. தவறினால் அத்தோடு நிறுத்தம். அதுதான் விதி. அந்த விதியை எழுதிவைத்தவன் நான் என்பதால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாச்சி அன்றே பேச்சியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். "பிள்ளை அழும். நீ எழுதணும். அம்புட்டுத்தான் தாயி. ஒத்திகை பாத்துருவோம்" என்றார்.

கம்பெனி குடோனில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, பழைய வினாத்தாளோடு பேச்சியம்மாளை உட்கார வைத்தார். வெளியே ராணியோடு அவர். முதல் ஞாயிறு, குழந்தை அழுத நாலாவது நிமிஷம் தாய் ஓடிவந்துவிட்டார். என் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துவைத்தேன். இரண்டாம் ஞாயிறு இருபது நிமிஷம் தாங்கினார். மூன்றாம் ஞாயிறு முழுப் பரீட்சையும் எழுதிவிட்டார். அதற்குள் ராணியும், அழுதால் அண்ணாச்சி பால்கோவா தருவார் என்று கண்டுபிடித்திருந்தாள். அவரைக் கண்டாலே அழ ஆரம்பித்தாள்.

"போதும்ட்டி, செத்த நேரம் மூச்சு விடு!" என்று அண்ணாச்சி கெஞ்சினார்.

பரீட்சை மே மாதம் ஒரு புதன்கிழமை. தேதி என் நோட்டில் மை ஊறி அழிந்துவிட்டது. இன்றும் அது உறுத்தல். பத்து மணிப் பரீட்சைக்கு ஏழு மணி டவுன் பஸ்ஸில் ஏறினோம். பஸ் நின்றுபோனால் உதவிக்கென்று பின்னாலேயே ஒரு காலி ஆட்டோ வந்தது. வழியில் பஞ்சரானது ஆட்டோதான்.

கல்லூரி வாசலில், "பிள்ளையப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள்.

"நீ போயி எழுது தாயி."

மணி அடித்தது. வேப்பமரத்தடியில் நாங்கள் குழந்தையோடு காத்திருந்தோம். விடியலிலேயே எழுந்த அலுப்பில் ராணி அண்ணாச்சி தோளில் அயர்ந்து தூங்கிவிட்டாள். அரைமணி கழித்து மெல்லப் போய் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தேன். பேச்சியம்மாளின் பேனா நின்றிருந்தது. முகம் வெளிறி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழப்போனார். ஓடிவந்து சொன்னேன்.

"ஏன்யா எழுத மாட்டேங்கா?"

"பிள்ளை அழலையே அண்ணாச்சி! சத்தத்தக் காணோமே, என்னமோ ஆயிருச்சுன்னு நினைக்காங்க."

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "அய்யய்யோ, இதுக்கு ஒத்திகை பாக்கலையே!"

"எழுப்பிவிடுவோமா?"

"தூங்குற பிள்ளையவா? பாவம்யா."

குழந்தையை என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய்க் குத்தவைத்தார். அறுபது வயது மனிதர், வாயைத் திறந்து, "ங்ஙே..." என்று ஆரம்பித்தார். மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. பியூன் ஓடிவந்தார்.

"யாருய்யா அது, பரீட்சை நடக்குற எடத்துல?"

"பச்சப்புள்ள அழுதுய்யா."

"எங்கய்யா புள்ள?"

அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். என் தோளில் ராணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பியூன் இருவரையும் கேட்டுக்கு வெளியே விரட்டினார். போகிற போக்கில் ஜன்னலைப் பார்த்தேன். பேச்சியம்மாள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அப்படியும் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, கால்மணிக்கு ஒரு தடவை அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

பேச்சியம்மாள் தேறினார். பி.எட். முடித்து ஆசிரியையும் ஆனார். அண்ணாச்சி காலமான பிறகு, 1996இல், பேச்சியம்மாள் வேலைபார்த்த பள்ளிக்குப் போனபோது அந்த ரகசியத்தை உடைத்தேன். அன்று அழுதது ராணி இல்லை என்றேன்.

"தெரியும் சார். எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். "அவளுக்கு ஒண்ணுன்னா அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுல்லா ஓடியிருப்பாவ. இங்கன உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காவன்னா பிள்ள நல்லாத்தான் இருக்குன்னு எழுத ஆரம்பிச்சேன்."

கரும்பலகையைத் துடைக்கப் போனார். துடைத்தபடி, திரும்பாமலே சொன்னார்:

"எனக்காக அப்படி ஒருத்தரும் அழுததில்ல சார்."