ஜிம்மிக்கு வந்த மஞ்சள் காமாலை

எல்லோருக்குள்ளும் ஒரு டாக்டர் ஒளிந்திருக்கிறார். யாராவது ‘தலைவலி’ என்றால் போதும், எழுந்து வந்துவிடுவார். எனக்குள் இருந்தவர் வாழ்நாளில் ஒரே ஒரு கேஸ்தான் பார்த்தார். நோயாளி, ஒரு நாய்.

எண்பதுகளின் ஆரம்பம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மஞ்சள் மண்டியில் எனக்கு வேலை. மஞ்சளைச் சலித்து, எடை போட்டு, சாக்கில் கட்டவேண்டும். குடியிருப்பு ரோஸி சேச்சி வீட்டு மாடியறை. கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. சேச்சிக்கு எல்லாமே ஜிம்மிதான். சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன்.

வேளாங்கண்ணிக்குப் போகும்போது சேச்சி அவனை என்னிடம் ஒப்படைத்தார்.

“எடா மோனே, திரும்பி வரும்போ இவன் இங்கே உண்டாவணும். இல்லேங்கில், நீயும் இங்கே உண்டாவில்ல.”

ஜிம்மிக்குத் தினமும் கறி போடவேண்டும். நானோ சுத்த சைவம். கறிக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஏதாவது கொடுங்க” என்றேன். (அப்படிக் கேட்பவனுக்கு எலும்பைத்தான் கொடுப்பார்கள் என்று இன்றைக்குத் தெரியும்.)

மறுநாள் மத்தியானம் மண்டியிலிருந்து சாப்பிட வந்தால், ஜிம்மி சோற்றைத் தொடவில்லை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிராண்டுகிறான். எனக்குள் இருந்த டாக்டர் எழுந்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள்! கண் இமையை இழுத்தேன். மஞ்சள்! வயிற்றை அமுக்கினேன். ஐயோ, வயிறும் மஞ்சள்!

தெருமுனையில் டாக்சி வைத்திருந்த அனீபாக்காவிடம் ஓடினேன். பாலக்காட்டு ராவுத்தர், வீட்டில் தமிழ் பேசுபவர்.

“காமாலைன்னா இங்க வெச்சுப் பாக்க முடியாது தம்பி. திருச்சூருக்கு அந்தப் பக்கம் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பெரிய காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. ஏறு!”

அம்பாசிடர் பறந்தது. ஆலுவாயில் ஈறைப் பார்த்தேன்; கூடியிருந்தது. அங்கமாலியில் காதைப் பார்த்தேன், காதுக்கும் பரவியிருந்தது. சாலக்குடியில் ஜிம்மி மொத்தமும் எலுமிச்சம்பழ நிறம்.

“அனீபாக்கா, நேரமாக ஆக ஏறிக்கிட்டே போகுது!”

“நீ பாக்காம இரு, ஏறாது” என்றார் அவர். எவ்வளவு பெரிய உண்மை! எரிச்சலில் சொன்னாரென்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் இன்னொரு முறை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆடும் மாடும் வரிசையில் நின்றன. “சாகப்போவுது!” என்று நான் அலறியதில் எல்லாவற்றையும் ஒதுக்கி எங்களை உள்ளே விட்டார்கள். மேஜையைச் சுற்றி வெள்ளைக் கோட்டு மாணவர்கள். நடுவில் கண்ணாடி போட்ட பெரிய டாக்டரம்மா.

“எந்தா தோணுது?” என்று மாணவர்களைக் கேட்டார்.

“ஜான்டிஸ், மேடம்.”

“எலிக்காய்ச்சலா இருக்கும், மேடம். லிவர் போயிருக்கும்.”

நான் ஏங்கி ஏங்கி அழுதேன். நாயை நினைத்துப் பாதி, சேச்சியை நினைத்துப் பாதி.

டாக்டரம்மா ஈரப்பஞ்சால் ஈறைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. ஈறு ரோஜா நிறமானது. பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார்.

“இது சாம்பார் மணமாணு.”

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். “நிங்களுக்கு எந்தா ஜோலி?”

“மஞ்சள் மண்டியில...” என்று கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்தேன். வேட்டி முழுக்க மஞ்சள் விரல் தடங்கள். அவர் என் கையைப் பிடித்து மாணவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். “எல்லாரும் நோக்கிக்கோ. ரோகம் நாய்க்கில்ல. இதிலாணு.” அன்று அந்த ஆஸ்பத்திரியில் அதிகம் பரிசோதிக்கப்பட்ட உயிர் நான்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவரே ஜிம்மியின் வாயை அகலத் திறந்தார். மேல் அண்ணத்தில் பல்லுக்குப் பல் பாலம் போட்டதுபோல ஓர் எலும்புத் துண்டு. நான் வாங்கிக்கொடுத்ததேதான். இடுக்கியால் ஒரே இழுப்பு. வலி தீர்ந்த ஜிம்மி வாயை ஒருமுறை மூடித் திறந்து, எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல், பக்கத்திலிருந்த என் கையைக் கடித்தான்.

“பயப்படாதே தம்பி, கடிச்ச இடத்துல மஞ்ச வெக்கணும்பாங்க” என்றார் அனீபாக்கா. “உனக்கு முன்னாடியே வெச்சிருக்கு.”

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய சேச்சி மஞ்சள் ஜிம்மியையும் கட்டுப்போட்ட என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “எடா பாண்டி, நிங்கடெ தமிழ்நாட்டில கோயில்ல வெட்டற ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களே, அதுபோல என்ட மோனை வெட்டப் போனியா?”

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ரூம் தப்பியது. மானம் தப்பவில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்த அன்றே, பால் காய்ச்சும் முன்னால், சேச்சி என் மனைவியிடம் முழுக்கதையையும் நடித்துக் காட்டிவிட்டார்.

சில வருடம் கழித்து எங்கள் மகள் பிறந்தாள். பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையைத் தூக்கிப் பார்த்து, “கண்ணு லேசா மஞ்சளா இருக்கே” என்றார். என் மனைவியும் ரோஸி சேச்சியும் அனீபாக்காவும் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவர்கூடக் குழந்தையைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள்.