மாமா மென்ற சிறுகுறிஞ்சான்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. கூட வந்தவர்களைத்தான் பார்க்கிறார்கள். என் விஷயத்தில் அது நல்லதுதான். எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனர், மைசூரில் ஓட்டல் சர்வர், மேட்டுப்பாளையத்தில் பாக்கு மூட்டை தூக்குகிறவன் என்று ஊர் ஊராகச் சுற்றியவனிடம் பார்க்க என்ன இருக்கிறது? (பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் காலில் இருந்த செருப்புகூட எங்களை ஏற்றிப்போன வேன் டிரைவருடையது.)

எனக்கு இருந்த ஒரே சொத்து என் தாய்மாமா. வெள்ளகோவிலில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா அம்மா இல்லாத எனக்கு அவர்தான் பெண் தேடினார். தொண்ணூறுகளின் நடுவில், முப்பது வயதைத் தாண்டி நின்றேன். பல வீடுகள் கைவிரித்த பிறகு, கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும், "உங்க மொகத்துக்காகப் பையனைப் பாக்கறோமுங்க" என்று மாமாவிடம் சொன்னார்கள். இதுவும் தவறினால் இனிமேல் கேட்பதற்கு வீடே இல்லை என்று அத்தை சொல்லிவிட்டார்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வந்தார். நானோ அப்போது மலையடிவாரத்தில் மூலிகை பறிக்கிறவர்களோடு சில மாதம் திரிந்து, அரை வைத்தியனாகத் திரும்பியிருந்தேன். (அரை வைத்தியனுக்கு நோயாளியைவிடத் தைரியம் அதிகம்.) பை நிறையச் சிறுகுறிஞ்சான் இலையைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்து, "சர்க்கரைக்கு இதுதானுங்க எமன்" என்றேன். பொய்யில்லை, சர்க்கரையைக் குறைக்கிற இலைதான். மாத்திரையும் அதே வேலையைத்தானே செய்கிறது, இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை.

மாமாவுக்கு வந்த கேள்வி வேறு.

"மாப்ளே, மாத்திரையும் போட்டு எலையும் தின்னுபோட்டா, பொண்ணூட்டுல ரெண்டு கரண்டி கேசரி தாராளமாத் திங்கலாமல்ல?"

"மூணே திங்கலாமுங்க மாமா."

அன்று காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கேசரிக்கு இடம் வேண்டும் என்று இட்லியைத் தொடவில்லை. கோபி நெருங்கி, வாழைத் தோட்டங்கள் தெரிய ஆரம்பித்ததும் ஒரு கைப்பிடி இலையை வாயில் போட்டு ஆடு மாதிரி மென்றார்.

பெண் வீட்டில் வரவேற்பு பிரமாதம். பெண் தானே கிண்டிய கேசரி, நெய் மினுங்க வந்தது. மாமா ஆசையாக ஒரு வாய் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"ஏனுங்க, சக்கரை போட மறந்துட்டாங்களாட்ட இருக்குது?"

பெண்ணின் அப்பா அவசரமாக ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். "நல்லா இனிக்குதுங்களே!"

"இதுங்களா இனிக்குது? ஆத்து மணலை நெய்யில வறுத்தாப்புல இருக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. மலையில் எனக்கே வெல்லம் கொடுத்து விளையாடிச் சிரித்திருக்கிறார்கள். அதையா மறப்பேன்? மறந்திருந்தேன்.

மாமா தட்டைத் தள்ளிவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, "இது காப்பியா, கழனித் தண்ணியா?" என்றார். கதவுக்குப் பின்னால் பெண் விசும்பும் சத்தம் கேட்டது. வாழ்நாளில் வெளியாள் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசாத மனிதர், பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "யோவ், யாரை ஏமாத்தப் பாக்கறே?" என்று கத்தினார். நெற்றியில் வேர்வை கொட்டியது. கை நடுங்கியது. நாக்குக் குழறியது.

பெண்ணின் அப்பா என்னைத் தனியாக இழுத்தார்.

"காத்தாலயே தண்ணி போட்டுட்டு வந்துருக்காருங்களா?"

"ஐயோ, மாமா அதைத் தொடவே மாட்டாருங்க. எலை மட்டுந்தானுங்க."

"என்ன எலை?"

"மலையெலைங்க. நானே கொண்டாந்து குடுத்தது."

கூடத்தில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. என்ன இலை என்று நினைத்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார்.

அத்தை அலறினார். யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அரை நினைவிலும் மாமா அதைத் துப்பினார். "மண்ணு... மண்ணு..." அவர் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் அவர் வாயில் மண்ணாக இருந்தது. அப்படி ஆக்கிய நான், இரவல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வேனில் தூக்கிப் போட்டு டாக்டரிடம் போனோம். பெண்ணின் அப்பாவும் கூடவே வந்தார். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணைத் திறந்து, இது எந்த ஊர் என்று கேட்டார். சர்க்கரை மறுபடி இறங்கலாம், நாளைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

"மாத்திரை தவிர வேற மருந்து ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அத்தை. மனமறிந்து பொய் சொல்லாதவர்; இலை அவர் கணக்கில் மருந்தே இல்லை.

நான்தான் இலையைப் பற்றிச் சொன்னேன்.

"மாத்திரை குடுத்த டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அது மருந்தில்லீங்களே சார். எலைதானுங்களே."

"அரளியும் எலைதான். திம்பீங்களா?" என்றார் டாக்டர். "மாத்திரையும் சர்க்கரையை எறக்குது, எலையும் எறக்குது. வயித்துல சோறும் இல்லை. ஆள் பொழைச்சது பெருசு. ஒண்ணோட ஒண்ணு சேக்கறதுக்கு முன்னால கேக்கறதுக்கு வாயில்லையா உங்களுக்கு?"

வாய் இருந்தது. அதை வைத்துத்தானே வைத்தியம் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா என் தோளைத் தொட்டார். கொங்கு நாட்டுக்காரர்கள் கழுத்தறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

"கஞ்சா இல்லீன்னு தெரிஞ்சுதுங்க தம்பி, சந்தோசம். நீங்களும் நல்ல மனசுக்காரருதான். ஆனா, பெத்த தகப்பனாட்டம் இருக்கற மாமனுக்கே இதைக் குடுத்தீங்க. நாளைக்குப் பொண்டாட்டிக்குத் தலைவலின்னா என்ன பறிச்சாந்து குடுப்பீங்களோ? எங்களுக்குப் பயமா இருக்குதுங்க. போயிட்டு வாங்க."

அந்த வார்த்தை எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு கேட்ட வீடுகளில் கேசரி கிண்டும் அளவுக்குக்கூட விஷயம் போகவில்லை. மாமா மட்டும் என் மேல் கோபப்படவில்லை. "அந்தப் புள்ள கேசரியை நல்லாத்தான் கிண்டியிருக்கும் மாப்ளே" என்று பல நாள் வருத்தப்பட்டார்.

இன்றும் மாமா வீட்டில் யாருக்காவது தலை வலித்தால், "மெதுவாச் சொல்லு கண்ணு, அவன் காதுல உழுந்துரப் போகுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பொண்டாட்டிக்குத் தலைவலி வந்தால் நான் என்ன கொடுப்பேன் என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.