சம்பந்தி அம்மாவுக்கு, அணில் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு ஓக்புன் தலைவணங்கி எழுதுவது. இலையுதிர் காற்று தங்கள் முழங்காலைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறதா? தாங்கள் அனுப்பிய காய்ந்த கணவாய் மீன் வந்து சேர்ந்தது. அதை மெல்ல என் பல் போதவில்லை என்றாலும், தங்கள் அன்பு போதும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தாங்கள் உயர்நிலைப் பள்ளி முடித்தவர். ஆகவே ஒரு நியாயம் கேட்டு எழுதுகிறேன். நம் இருவருக்கும் பேத்தியான தாசோம், என் வீட்டில் தங்கி என் சோற்றைத் தின்று பல்கலைக்கழகம் போகிறவள், என்னைத் திருடி என்று சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான். நாளைக்கு என் வீட்டுக்காரரின், அதாவது அவளுடைய தாத்தாவின், நினைவு நாள். படையல் மேஜையில் கருவாலிக் கொட்டை மாவைக் காய்ச்சி உறையவைத்த முக் இல்லாமல் அவருக்கு ஆகாது, என் முக் வெட்டும்போது எப்படி நடுங்கும் என்று தாங்களே பார்த்திருக்கிறீர்கள். போன வாரம் மலைக்குப் போய்க் கொட்டை பொறுக்கி, மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினால், அடிவாரத்தில் மாணவப் பிள்ளைகள் ஒரு துணியில் எழுதிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்த்தால் நம் தாசோமின் கையெழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "என் பேத்தி எழுதினது, பாருங்க, எப்படி முத்து முத்தா இருக்கு!" என்று காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுத்தைப் பார்க்கிறார்கள், என் மூட்டையைப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். அப்புறம்தான் நானும் படித்தேன். 'அணிலின் உணவைத் திருடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

தாசோம் முகம் செத்துப் போய் வந்தாள். "பாட்டி, இது திருட்டு."

"யார்கிட்டடி திருடினேன்? மரத்தடியில கெடந்துச்சு, பொறுக்கினேன்."

"அணில்கிட்ட. பனிக்காலத்துக்கு அதுங்களுக்கு வேற என்ன இருக்கு?"

அதற்குள் வனக்காவலர் வந்துவிட்டார். அவர் பங்குக்கு, "அம்மா, இது உங்களதும் இல்ல, அணிலோடதும் இல்ல. அரசாங்கத்தோடது" என்றார். "அரசாங்கம் குனிஞ்சு பொறுக்குமாய்யா?" என்று கேட்டேன். அபராதம் போடுவேன் என்றார்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், திருடுவது தப்பு என்று தாசோமும் சொல்கிறாள், காவலரும் சொல்கிறார், நானும் வாழ்நாள் முழுக்கச் சொல்கிறேன். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மூன்று பேரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு ஏன் தொண்டை கிழியக் கத்தினோம்? அணிலையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? தங்கள் மருமகனிடம் முறையிட்டேன். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா" என்று டிவியைப் பார்த்தபடி சொன்னான். அவனைப் பெற்றதற்கு ஒரு பூசணிக்காயை நட்டிருக்கலாம்.

கடைசியில் தாசோம் ஒரே போடாகப் போட்டாள். "அந்த முக் மேஜையில இருந்தா நான் தாத்தாவ வணங்க வர மாட்டேன்." இருக்கிற ஒரே பேத்தி, அம்மா. அவள் வராமல் என்ன படையல்?

ஆகவே நேற்று அவளோடு மலையேறி, மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். கொட்டித் திரும்புவதற்குள் பின்னால் என் வயதுப் பெண்கள் மூன்று பேர் பையோடு குனிந்துவிட்டார்கள். தாசோம் தடுத்தாள். அதில் ஒருத்தி, "போடி வாயாடி, அணிலுக்கு வாழ்க்கைப்பட்டவளே!" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "யாரப் பாத்து வாயாடிங்கிற? வாயில்லாத ஜீவன் சாப்பாட்டுல கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று பிடித்துக்கொண்டேன்.

"போன வாரம் கீழ விழுந்தது யாருக்கும் சொந்தமில்லன்னு காவலர்கிட்ட கத்தினது நீதானேக்கா?"

"அது போன வாரம்!" என்றேன். வேறு என்ன சொல்ல? அணிலுக்காகச் சண்டை போட்டேனா பேத்திக்காகப் போட்டேனா என்று இதுவரை விளங்கவில்லை. இறங்கும்போது தாசோம் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் நாளைக்கு அவர் வந்து முக் எங்கே என்று கேட்டால், அணிலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றா சொல்வேன்? உயிரோடு இருந்தபோதே பசி பொறுக்காத மனுஷன்.

படித்தவர் தாங்கள், பிசகு யார் மேல் என்று தெளிவாக எழுதுங்கள். தங்கள் கிம்ச்சி ஜாடிகள் பனி முடியும் வரை புளித்துப் போகாமல் நிற்கவும், தங்கள் முழங்கால் படியேறச் சம்மதிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓக்புன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தாசோம் கடையிலிருந்து வந்தாள். பையில் ஒரு கட்டி முக். "தாத்தா தேடுவாருல்ல, பாட்டி" என்றாள். என் கண் கலங்கிவிட்டது. எதில் செய்தது என்று கேட்டேன். கருவாலிக் கொட்டைதானாம். கண்ணாடியைப் போட்டு முக் சுற்றியிருந்த உறையில் பொடி எழுத்தைப் படித்தேன், கொட்டை சீனாவிலிருந்து வந்ததாம். "ஏண்டி, சீனாவுல அணில் கெடையாதா?" என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "இருக்காது பாட்டி" என்றாள். ஆகவே மேலே கேட்ட நியாயம் எதுவும் வேண்டாம். அங்கே அணில் இருப்பது தங்களுக்குத் தெரிந்தாலும், தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.